எர்த்துக்குப் பாயிண்ட் கிடையாது

மணலியில் ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அந்தோணியின் மனைவி ரோஸி. "அண்ணே, அவரு பூட்டாருண்ணே. டீ குடிச்சிகினு இருந்தாரு, அப்டியே..." இறங்கி, ஏணியின் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வருடம் என்னோடு வேலை பார்த்தவன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா, பாவி?

தண்டையார்பேட்டைப் பக்கம் வயரிங் வேலை பார்க்கும் நம் எல்லாருக்கும் அவனைத் தெரியும். நமக்குக் கூலி பாயிண்ட் கணக்கு. ஒரு லைட்டு ஒரு பாயிண்ட், ஒரு ஃபேன் ஒரு பாயிண்ட். லைசென்ஸ் இருந்தால் ரேட்டு கொஞ்சம் ஏறும், தெருவில் போட்டிக்கு ஆள் வந்தால் இறங்கும். ஆனால் கசிகிற கரண்ட் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் போக, குழி தோண்டி எர்த்து இறக்குவதற்கு எந்தக் காண்ட்ராக்டரும் பாயிண்ட் போட்டதில்லை. அரை நாள் வேலை, கூலி பூஜ்யம். நாம் மழுப்பிவிட்டுப் போவோம். அந்தோணி தோண்டுவான்.

ஒருநாள் தாங்காமல் கத்தினேன். "ஓசில குழி தோண்டிகினு கீறியே, உனக்கு இன்னா பைத்தியமா?"

கடப்பாரையைக் கீழே வைக்காமலே சொன்னான்: "மாமு, லைட்டு எரியலன்னா நம்மள திட்றதுக்கு ஆளு இருக்கும். எர்த்து இல்லன்னா திட்றதுக்கு ஆளே இருக்காது."

அந்தக் கோபத்தில் அவனை விட்டு ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலைக்குப் போனேன். கூலி அதிகம்தான். பராமரிப்பு வேலை முடிந்ததும் கூலியும் முடிந்தது. வெட்கத்தோடு திரும்பினேன். "வா நைனா, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, கடப்பாரையை என் கையில் கொடுத்தான், கள்ளன்.

வெளியூரிலிருந்து மகள் வரும்வரை அவனை வைக்க ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள். இரும்புப் பெட்டி. பழைய வாடகை வீடு, தரையெல்லாம் ஈரம். பிளக் செருகப் போனவனை நிறுத்தி, அழுதுகொண்டே சாக்கெட்டில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன். எர்த்து இருந்தது. லாம்ப் பளிச்சென்று எரிந்தது.

"குடிவந்த அன்னிக்கே தோண்டிட்டாருண்ணே. வூட்டு ஓனரு காசு தர மாட்டேன்னுட்டாரு" என்றாள் ரோஸி.

மகள் வந்தாள். செருப்பை வாசலில் உதறிவிட்டு ஓடிவந்து, அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடப்பாரை இப்போது என்னிடம் இருக்கிறது. ரேட்டு பேசும்போது எர்த்துக்குத் தனிக் கூலி கேட்கிறேன். தர மாட்டேன் என்றாலும் தோண்டுகிறேன், அந்தோணி. உன்னைத் திட்டிக்கொண்டே தோண்டுகிறேன்.