கோணலின் கையெழுத்து

அச்சகத்தில் கணினியில் பக்கம் அடுக்குகிறவளை எல்லோரும் கோணல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எழுத்து அப்படி. வலப்பக்கம் சாய்ந்து, வால் நீண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கித் தந்த அந்த எழுத்து முதலாளி கண்ணில் பட்டது. "இதுல நம்ம வீட்டு ஆளு எழுதின மாதிரி ஒரு களை இருக்கும்மா" என்று குழைந்து, நாற்பது தாளில் எழுதி வாங்கி, கணினி எழுத்துருவாக்கி, 'அன்பு' என்று பெயரும் வைத்தார். அன்பாம்! அவருக்கும் அன்புக்கும் ஏழாம் பொருத்தம்.

கல்யாணப் பத்திரிகைக்கு அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்கிறவனும் அதையே கேட்டான். கையால் எழுதியதுபோல் இருந்தால் யாருக்கும் கோபம் வராதாம். தெருவில் அந்த எழுத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அச்சகத்தில் எதையும் படிக்கிற பழக்கம் கிடையாது. ஓரம் சரியா, வரி அடங்குகிறதா, அவ்வளவுதான். தையல் ஆலையிலிருந்து வந்த கடிதத்தையும் கோணல் 'அன்பு'வில் அப்படித்தான் அடுக்கினாள். நூற்றுப்பத்துப் பெயர்களைக் கணினியே நிரப்பிக்கொண்டது.

மூன்றாம் நாள் அவளுடைய அக்கா அச்சகத்துக்குள் நுழைந்தாள். அந்த ஆலையில் பதினாறு வருடம் காலர் தைத்தவள். கடிதத்தைத் தங்கை முகத்தில் விட்டெறிந்தாள்.

"'அன்புச் சகோதரி, நாளை முதல் நீங்கள் வரத் தேவையில்லை.' ஏண்டி, இதை நேர்ல சொல்ல வாய் வரலியா? உக்காந்து எழுதி அனுப்பியிருக்கே!"

"நான் எழுதலக்கா. இது மிஷின். பாரு, எல்லா 'ள'வும் ஒரே மாதிரி இருக்கு. கையால எழுதினா இப்படி வருமா?"

"மிஷின்ல போட்டது யாரு?"

கடிதத்தின் மேலே இருந்த அக்காவின் பெயரை கோணல் அப்போதுதான் பார்த்தாள்.

"என் பேரு உன் கண்ணுல படவே இல்லையாடி?"

"எவ்வளவு இதமா இருக்கு பாருங்கம்மா, கடிதம்" என்று முதலாளி நடுவில் வந்து பல்லிளித்தார். அவரைக் கொன்றுபோடலாம் போலிருந்தது கோணலுக்கு. அக்கா போன பிறகு, 'அன்பு'வை அழித்துவிடச் சொல்லிக் கத்தினாள். "அது இப்ப என்னுதும்மா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அக்கா போனை எடுக்கவில்லை. கதவையும் திறக்கவில்லை. இவளை எடுத்து வளர்த்தவள் அவள்தான். அவள் இல்லாமல் இவளுக்கு வேறு நாதி கிடையாது. படிக்காமல் அடுக்கியது தன் தப்புதான் என்று மூன்று பக்கம் கையால் எழுதித் தபாலில் சேர்த்தாள் கோணல்.

ஐந்தாம் நாள் அத்தான் போன் செய்தார்.

"உறையில எழுத்தைப் பார்த்ததுமே உங்கக்கா, ஆலையிலேர்ந்து இன்னொன்னு வந்திருக்குன்னு சுக்குநூறா கிழிச்சுட்டாம்மா. நான்தான் பொறுக்கி ஒட்டவச்சுப் படிச்சேன்."

"நான் எழுதினதுன்னு சொன்னீங்களா அத்தான்?"

"சொன்னேன். அவதான் எழுதினான்னு எதை வச்சு நம்பச் சொல்றீங்கன்னு கேக்குறா."