பதினாறாயிரம் தடவை கேட்டவர்

பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் ப்ரோக்ராமர் எதையும் பொறுமையாகச் செய்வார். அந்தப் பொறுமை அவரைவிட, அவருக்காகக் காத்திருப்பவர்களுக்கே அதிகம் தேவைப்பட்டது.

அவருடைய வாழ்நாள் சாதனை, காலை ஏழு மணிப் பட்டியல். இரவு நர்ஸ்கள் வேலையைப் பகல் நர்ஸ்களிடம் ஒப்படைக்கும் நேரம் அது. எந்த நோயாளி, எந்தக் கட்டில், எந்த டாக்டர், என்ன மருந்து என்பதெல்லாம் அதில் அச்சாகி வரும். ஏழு மணிக்குப் பொத்தானை அழுத்தினால் ஏழு ஐம்பதுக்கு வந்துவிடும். எழுதிய புதிதில் நொடியில் வந்தது என்று அவர் சொல்வது உண்மைதான். அன்று சோதனைக்கு இருந்தவர்கள் மூன்றே நோயாளிகள். மூவரும் அவர் கற்பனையில் பிறந்தவர்கள், மருந்தே சாப்பிடாத ஆரோக்கியசாலிகள். விவரங்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸும் அவர் மேஜையிலேயே இருந்தது. இப்போது நிஜ நோயாளிகள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். டேட்டாபேஸ் எதிர்க் கட்டடத்தில்.

நிர்வாகம் சும்மா இருந்துவிடவில்லை. புதிய சர்வர் வாங்கி, ரிப்பன் வெட்டி, போட்டோவும் எடுத்துக்கொண்டது. பட்டியல் ஏழு நாற்பத்தொன்பதுக்கு வந்தது. முன்னேற்றத்தைப் பாராட்டிச் சுற்றறிக்கை விட்டார்கள்.

காத்திருந்த இரவு நர்ஸ்களில் ஒருவர் ப்ரோக்ராமரின் மனைவி. கணவருக்காக வீட்டில் காத்திருக்கும் மனைவிகள் உண்டு. வேலையிடத்திலும் காத்திருக்கும் பாக்கியம் இவருக்குத்தான். வாரம் ஒருநாள் எட்டு மணிக்கு அவருக்கு ஊரின் மறுகோடியில் ஆபரேஷன் தியேட்டர் பயிற்சி வகுப்பு. மூன்று முறை தாமதமானால் பெயரை அடித்துவிடுவார்கள். இரண்டு முறை ஆகிவிட்டது. அடுத்த வகுப்பு நாளைக்கு.

சாயங்காலம் சமையலறையில் விசாரணை தொடங்கியது.

"என்னங்க, உங்க பட்டியல் அம்பது நிமிஷமா அப்படி என்னதான் பண்ணுது?"

"கேக்குது. ஒரு நோயாளிய எடுத்துக்கும். அவரோட டாக்டர் யாருன்னு டேட்டாபேஸக் கேக்கும். வார்டு எதுன்னு கேக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் பேரு, அளவு, நேரம்னு தனித்தனியாக் கேக்கும். ஆளுக்கு நாப்பது கேள்வி. அப்புறம் அடுத்த ஆளு."

"ஒவ்வொரு கேள்விக்கும் எதிர் பில்டிங்குக்குப் போய்ட்டு வருமா?"

"கண்ணிமைக்கிற நேரம்தாம்மா ஆகும்."

"எத்தனை தடவை இமைக்கணும்?"

ப்ரோக்ராமர் மனக்கணக்குப் போட்டார். குரல் இறங்கியது. "பதினாறாயிரத்துச் சொச்சம்."

"நல்லாயிருக்கு! மொத்தமே முப்பது டாக்டர். அவங்க பேரைத் தெரிஞ்சுக்க நானூறு தடவை போறீங்க. நானும் ஒவ்வொரு மாத்திரைக்கும் மருந்தறைக்கு நடந்தா, மொத கட்டில்காரர் தானாவே குணமாகி வீட்டுக்குப் போயிருப்பாரு. நாங்க வார்டுக்கே மொத்தமா எழுதிக் கொடுப்போம். வண்டியில வரும். கட்டில் நம்பரப் பாத்துப் பிரிச்சுக்குவோம்."

"அது நர்சிங். இது டெக்னாலஜி."

"உங்க டெக்னாலஜியால நாளைக்கு என் பேரை அடிச்சாங்கன்னா, சாப்பாடும் ஒவ்வொரு வாயாத்தான் வரும். ஒவ்வொரு வாய்க்கும் நீங்க எழுந்து வந்து கேக்கணும்."

டெக்னாலஜி அக்கணமே பணிந்தது. லேப்டாப்பைத் திறந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் சுற்றிச் சுற்றிக் கேட்ட வரிகளையெல்லாம் அழித்தார். நோயாளிகளின் பட்டியலை ஒரு கேள்வியில் வாங்கினார். அவர்கள் எல்லோருடைய மருந்துகளையும் இன்னொன்றில். டாக்டர்களுக்கு ஒன்று, வார்டுகளுக்கு ஒன்று. வந்ததை எண் வாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு, அங்கிருந்தே எடுத்து எழுதச் சொன்னார். ஆக மொத்தம் நான்கே கேள்விகள்.

மறுநாள் ஏழு மணிக்குப் பொத்தானை அழுத்தினார்கள். நான்காவது நொடியில் பிரிண்டர் உறுமியது. தலைமை நர்ஸ் தாளைத் தொடவே இல்லை. ப்ரோக்ராமரின் மனைவியிடம் திரும்பினார்.

"என்னது, இவ்வளவு சீக்கிரம் வருது? தப்பாத்தான் இருக்கும். கட்டில் கட்டிலாப் போய் சரிபாத்துட்டுக் கெளம்பு."

ஐம்பது நிமிடப் பட்டியலை ஒருநாளும் யாரும் சரிபார்த்ததில்லை. அவ்வளவு நேரம் உழைத்தது தப்பாக இருக்குமா, என்ன?

மனைவி கைப்பையைத் தோளில் மாட்டினார். "சரிபாக்க ஆள் இருக்காரு மேடம். எழுதினவரே வந்திருக்காரு." வேடிக்கை பார்க்க வந்து வாசலில் நின்ற கணவரின் கையில் பட்டியலைத் திணித்துவிட்டு, ஏழு இருபது பஸ்ஸுக்கு ஓடினார்.

ப்ரோக்ராமர் கட்டில் கட்டிலாகப் போனார்.

"டாக்டரா?" என்றார் ஒன்பதாம் கட்டில்காரர்.

"இல்லீங்க, ப்ரோக்ராமர்."

"ஏன் அப்படிப் பாக்குறீங்க? இதுக்கு முன்னாடி நோயாளியப் பாத்ததில்லையா?"

ப்ரோக்ராமர் பத்தாம் கட்டிலுக்கு நகர்ந்தார். பட்டியலில் ஒரு தப்புகூட அகப்படவில்லை. நாற்பதாம் கட்டிலை நெருங்கும்போது போன் அதிர்ந்தது. மணி எட்டாக மூன்று நிமிடம் இருந்தது.

"மொத வரிசையில உக்காந்திருக்கேன். வாத்தியார்தான் இன்னும் வரல."