சப்தாயின் செவ்வாய்க்கிழமை

அந்தியோகியா நகரத்தில், தாப்னே கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் பயற்றங்கூழ் விற்று வயிறு கழுவுகிறவள் நான். யூதப் பெண்தான். ஆனால் மீட்பரான மேசியா வந்துவிட்டாரா, இனிமேல்தான் வரவேண்டுமா என்ற சண்டையில் எனக்குக் கருத்து கிடையாது. இரண்டு தரப்புக்கும் பசிக்கும் என்பதை நம்பித்தான் கடை போட்டேன். அதிலும் பெரியவர்கள் மண்ணைப் போட்டார்கள்.

ஜெபக்கூடத்துப் பக்திமான்கள் திங்களும் வியாழனும் நோன்பிருப்பது பழைய வழக்கம். மேசியா வந்துவிட்டார் என்கிற கூட்டத்தாரும் முதலில் அதே நாட்களில், அதே வேதச் சங்கீதத்தைப் பாடிக்கொண்டு பட்டினி கிடந்தார்கள். பிறகு அவர்களுடைய மூப்பருக்கு ஞானம் பிறந்தது. "அவங்க நாள்ல நாம ஏன் பட்டினி கிடக்கணும்? நமக்குப் புதனும் வெள்ளியும்" என்றார். பரலோகத்தில் யார் பட்டினி எது என்று கலந்துவிடக் கூடாதாம். என் வியாபாரம் படுத்துவிட்டது.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவன் சப்தாய். ஆற்றுத்துறையில் மூட்டை தூக்குகிறவன். ஆள் மலை மாதிரி இருப்பான். 'முடியாது' என்ற ஒரு சொல்லைத் தூக்க மட்டும் தெம்பு கிடையாது. அவன் அண்ணன் தோபியா ஜெபக்கூடத்தில் வேதச் சுருள்களைப் பார்த்துக்கொள்கிறவன். பெண்டாட்டி பிள்ளை இல்லாத அவனுக்குத் தம்பிதான் எல்லாம். சப்தாயின் மனைவி பெரேனிக்கேயோ மேசியாக் கூட்டத்தில் ஞானஸ்நானம் வாங்கியவள். முன்பெல்லாம் மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்து, வாய் ஓயாமல் வாதாடிக்கொண்டே ஒரே தட்டில் தொட்டுச் சாப்பிடுவார்கள். வாதத்தில் யாரும் ஜெயித்ததில்லை, தட்டில் எதுவும் மிஞ்சியதுமில்லை.

நோன்பு பிரிந்ததும் சப்தாய் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு நோன்பும் இருந்தான்! சனிக்கிழமை ஓய்வுநாளில் அண்ணன் வீட்டுச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை மனைவியின் கூட்டத்து விருந்து. எந்தப் பெரியவர் கண்ணிலும் படாமல் தப்பிக் கிடந்தது செவ்வாய்க்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு என் கடைக்கு வந்துவிடுவான்.

"அக்கா, இன்னொரு கிண்ணம் ஊத்துங்க."

"வயிறாடா அது, பாதாளமா?"

"நாளைக்கு அவளுக்காக. நாளான்னிக்கு அண்ணனுக்காக. மறுபடி அவளுக்காக. இன்னிக்கு ஒரு நாள்தானேக்கா எனக்காக."

"யாராவது ஒருத்தர்கிட்ட முடியாதுன்னு சொல்லித் தொலையேன்."

"சொன்னா சொன்ன வீட்டுல கதவு சாத்திருவாங்க. வருஷத்துல ஒரு பஸ்காப் பண்டிகைக்காவது மூணு பேரும் சேர்ந்து உட்காரணும். அது போதும் எனக்கு."

அந்தப் பஸ்காவிலும் கை வைத்தார்கள். யூதர்கள் விருந்து சாப்பிடும் அதே சாயங்காலம் தன் ஆட்கள் நோன்பிருந்து, வழிதவறிய அந்தச் சகோதரருக்காக அழ வேண்டும் என்று மூப்பர் கட்டளை போட்டார். எதிர்வீட்டான் சாப்பிடுவதைப் பார்த்து அழுவதற்கு இத்தனை நாள் எந்தக் கட்டளையும் தேவைப்பட்டதில்லை. ஜெபக்கூடத்தார் மட்டும் சளைத்தவர்களா? அந்தக் கூட்டத்தாரோடு கைநனைக்கிறவன் இனி நம் படியேறக் கூடாது என்றார்கள். நாலு நாள் பட்டினியைத் தாங்கியவனுக்கும் ஒரே வேளையில் சாப்பிடவும் சாப்பிடாமலிருக்கவும் தெரியவில்லை.

நான் தோபியாவுக்கு அடுத்த வீடு. அன்று சாயங்காலம் பஸ்காப் பந்திக்கான கசப்புக் கீரை கொடுக்கப் போனபோது சப்தாய் அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தான். முன்னால் புளியாத அப்பம். கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

"எடுத்துச் சாப்பிடுடா" என்றான் தோபியா.

"நீங்க சாப்பிடுங்கண்ணே. நான் சும்மா கூட உட்கார்ந்திருக்கேன்."

"பஸ்காவுக்கு வந்து சும்மா உட்கார்றதுக்கு நீ என்ன விளக்குத் தண்டா? அவ சொல்லித்தானே பட்டினி கிடக்கற?"

அப்போது பெரேனிக்கே வாசலில் வந்து நின்றாள். படியை மிதிக்கவில்லை. "அங்க எல்லாரும் அழுதுகிட்டிருக்காங்க. நீங்க இங்க பந்தியில உட்கார்ந்திருக்கீங்களா?"

"நான் சாப்பிடல பெரேனி."

"சாப்பிடாதவரு எதுக்கு உட்காரணும்?"

"கேட்டியா?" என்றான் தோபியா. "அவளும் அதையேதான் கேக்கறா."

வருஷக்கணக்கில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

பிறகு இரண்டு வீட்டிலும் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள், பெருந்தன்மைக்குக் குறைச்சலா? இந்த வீட்டில் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது, அந்த வீட்டில் இந்தப் பேரைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். பண்டிகை வாரம் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை சப்தாய் கடைக்கு வந்து, "மூணு கிண்ணம் ஊத்துங்கக்கா" என்றான். ஒன்றைத் தன் முன்னாலும் மற்ற இரண்டை இரு பக்கத்திலும் வைத்துக்கொண்டான்.

"ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருக்கேன். செவ்வாக்கிழமை யாருக்கும் நோன்பு இல்ல, வருவாங்க."

வரவில்லை. கூழ் ஆறி ஆடை கட்டியது. மூன்றையும் அவனே குடித்துவிட்டு, "அடுத்த வாரம் வருவாங்கக்கா" என்று எழுந்து போனான். அதற்குப் பிறகு எல்லாச் செவ்வாயும் அப்படித்தான்.

ஒரு வியாழக்கிழமை, வெறும் வயிற்றோடு கோதுமை மூட்டையைச் சுமந்து துறைப்படி ஏறியவன் மயங்கி விழுந்தான். மூட்டை அவன் மேலேயே விழுந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருந்தவரை 'இவன் முழுசாக நம் ஆள் இல்லை' என்று முகம் சுளித்த இரண்டு கூட்டமும், இப்போது 'எங்கள் ஆள்' என்று தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நின்றன. நோன்பில் செத்தவன் அல்லவா, எந்தக் கூட்டத்துக்கும் பெருமைதானே! கடைசியில் அவன் அப்பாவின் கல்லறையிலேயே வைத்தார்கள். ஒரு கூட்டம் பாடி முடித்து விலகியதும் மற்றக் கூட்டம் வந்து பாடியது. அதே சங்கீதம்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கை பழக்கத்தில் மூன்று கிண்ணம் ஊற்றிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், பலகையின் ஒரு கோடியில் தோபியா. மறு கோடியில் பெரேனிக்கே. ஒருவரையொருவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எழுந்து போகவும் இல்லை. நடுக்கிண்ணத்தை நடுவிலேயே வைத்தேன். தலையைக் குனிந்து குடித்தார்கள். பாதியில் தோபியா உப்புச் சட்டியை அவள் பக்கம் தள்ளினான்.

"அவருக்கும் உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கணும்" என்றாள் அவள்.

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றான் அவன்.

இன்றைக்கும் செவ்வாய் தவறாமல் வருகிறார்கள். நான் யாரிடமும் மூச்சு விடுவதில்லை. மூப்பர் காதிலோ ஜெபக்கூடத்தார் காதிலோ விழுந்தால், செவ்வாய்க்கிழமைக்கும் ஒரு நோன்பு வந்துவிடும்.