யாரும் ஏறாத நிறுத்தம்

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கல்வி அலுவலகத்தில் வேலை என்று ஒன்றைச் செய்தவர் வண்டி மேடம்தான். அரசாங்கச் செலவில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் வேன்கள் அத்தனையும் அவர் பொறுப்பு. புது வழி போடுவதென்றால் முதலில் தானே வேனில் ஏறி, பிள்ளைகள் உட்காரும் சீட்டில் உட்கார்ந்து, முதுகு நோக ஒரு நடை போய்வந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். டிரைவர்களுக்கு அவர் சிம்மசொப்பனம்.

குவாரி மேட்டு நிறுத்தத்தில் ஒரே ஒரு பெண் ஏறுவாள். கால் முறிந்து ஊன்றுகோலோடு பள்ளிக்குத் திரும்பி வந்தவள். படியேற நேரமாகும், அதுவரை வேன் காத்திருக்கும். இவளால்தான் தினமும் லேட்டு என்று வேனில் எவனோ சொல்லிவிட்டான், பாவி. மறுநாளிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை.

யாரும் ஏறாத நிறுத்தத்தை மாதக் கடைசியில் எடுத்துவிட வேண்டும் என்பது விதி. எடுத்துவிட்டால் அவள் படிப்பு அவ்வளவுதான். அங்கிருந்து பள்ளிக்கு வேறு வண்டி கிடையாது. மேடம் என்ன செய்தார் தெரியுமா? யாருக்கும் லேட் ஆகாதபடி வேனைக் கொஞ்சம் முன்னதாகவே கிளப்பச் சொன்னார். மேட்டில் தினமும் நின்று, கதவைத் திறந்து, காத்திருந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஆளில்லாத இடத்துக்கு எதற்கு டீசல் என்று டிரைவர் முணுமுணுத்தார். மேலதிகாரியும் கூப்பிட்டுக் கேட்டார்.

"வராத பிள்ளைக்குத்தான் சார் வேன் போய் நிக்கணும்," என்றார் மேடம்.

மேலதிகாரியோ மாதக் கடைசிவரைதான் என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்.

கடைசி நாள் மேடமே வேனில் ஏறினார். ஜன்னலோரமாக ஒரே ஒரு சீட்டு காலியாக இருந்தது, உட்கார்ந்துகொண்டார். மேட்டில் வேன் நின்றது, கதவு திறந்தது. நிறுத்தத்தை ஒட்டிய தன் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அவள் தினமும் வேனைப் பார்க்கிறாள் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். இன்றைக்கும் திரை அசைந்தது, ஆள் வரவில்லை. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம் இரு என்று மேடம் கை காட்டினார்.

அப்போதுதான் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. வந்தாள் மகராசி. முழுச் சீருடை, பின்னிய தலை, தோளில் பை. தினமும் இப்படித்தான் கிளம்பி உள்ளே நின்றிருக்கிறாள். முகம் கடுகடுவென்றிருந்தது. ஊன்றுகோலை ஊன்றி, நிதானமாகப் படியேறி, நேராக மேடத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"அது என் சீட்டு."

மேடம் சட்டென்று எழுந்து இடம் விட்டார். பள்ளிவரைக்கும் கூரையில் தலை இடிக்க, குனிந்து நின்றபடியே போனார். வாயெல்லாம் பல்.