மண்ணெண்ணெய் தெளித்த பந்தி

பேய், பிசாசு, காத்துக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சிரிக்கக் கூடாது. திண்டுக்கல்லில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன், அதை நேர் அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். சாக்கடையில் கிடந்த அனாதைப் பிணத்தைத் தூக்க ஆள் சேராத நாளில் நானே ஒரு கால் பிடித்திருக்கிறேன், புழு வைத்த இறைச்சியைக் கையால் புரட்டிப் பார்த்துவிட்டு அதே கையைக் கழுவிக்கொண்டு டீ குடித்திருக்கிறேன். தெருமுனையில் நின்றே எந்த வீட்டில் எலி செத்துக்கிடக்கிறது என்று சொல்லுவேன் என்று ஆபீஸில் கேலி பேசுவார்கள். ஆக, பேய் என்று ஒன்று இருந்தால் முதலில் என் மூக்குக்குத்தான் தெரிய வேண்டும் என்று நானும் பதிலுக்குக் கேலி பேசுவேன். நம்பினால் நம்புங்கள், அப்படித்தான் தெரிந்தது.

நடுராத்திரி, புளியமரம், வெள்ளைச்சேலை எதுவும் இதில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழே கடையில் வடை போட்டுக்கொண்டிருந்த நேரம், இருபது பேர் பார்க்க நடந்தது.

ரெண்டாயிரத்து நாலு, அஞ்சு வாக்கில் நாங்கள் சில பேர் மாதம் ஒரு ஞாயிறு படம் போட்டுக்கொண்டிருந்தோம். சும்மா போடுவதில்லை, ஜோடி சேர்த்துத்தான் போடுவோம். முதலில் ஒரு பழைய படம், டீக்குப் பிறகு அந்தப் படத்தின் பாலைக் குடித்து வளர்ந்த ஒரு புதுச் சின்னப் படம். தாய்ப்படம், பிள்ளைப்படம் என்று எங்களுக்குள் பேர். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் ஒருத்தி விளக்கை அணைக்காமல் கதவை மட்டும் சாத்துவாள். நாற்பது வருஷம் கழித்து ஏதோ ஒரு பையன் ஓட்டைக் கேமராவில் எடுத்த படத்தில் டெலிபோன் பூத்துக்காரி ஷட்டரை அதே மாதிரி இறக்குவாள். "மூக்கு அப்படியே தாயை உரிச்சு வச்சிருக்கு" என்று கண்டுபிடித்துச் சொல்வதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம். மூடிப்போன ஒரு டுட்டோரியல் காலேஜின் மாடியில், கரும்பலகை மேல் வேட்டி கட்டி, வாடகை புரொஜெக்டரில் ஓட்டுவோம்.

இந்தக் கூட்டத்துக்கு என்னை இழுத்துவந்ததே என் மனைவி அமலியின் தம்பி சேவியர்தான். கெட்டிக்காரன், நன்றாகப் பேசுவான், அவனை எனக்குப் பிடிக்கவும் செய்தது, அந்த நாள் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து ஒரு பழைய குடும்பப் படத்தின் விசிடியைப் போட்டான். பேர் வேண்டாம், எடுத்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்யாணப் பந்தி ஓடியது, கதாநாயகனின் அப்பா முன்னால் நின்று வசனம் பேசுகிறார், பின்னால் பெண்கள் வரிசையாகச் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

"மச்சான், வசனத்த விடுங்க. பின்னால கடைசி எலையில இருக்குற பொம்பளயப் பாருங்க. மத்தவுக வாயப் பாத்துட்டு, பெறகு இவ தொண்டையப் பாருங்க."

பார்த்தேன். மற்ற எல்லாரும் கையை வாய்வரை கொண்டுபோய்ச் சும்மா மெல்லுகிறார்கள், உள்ளே ஒன்றும் போகவில்லை. இவள் மட்டும் விழுங்குகிறாள். இடது கையை இலைக்குக் குறுக்கே அணை மாதிரி வைத்துக்கொண்டு, யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்பது போல அள்ளி அள்ளிப் போடுகிறாள், தொண்டை ஏறி இறங்குவது தெரிகிறது.

"அந்தக் காலத்துல பந்தி சீனுன்னா சோத்துல சீமெண்ண தெளிச்சிருவாய்ங்களாம் மச்சான். இல்லாட்டி சும்மா உக்கார வந்த சனம் பசியில ஷாட்டுக்கு முன்னாடியே தின்னு தீத்துரும்ல. அதான் எல்லாரும் வெறும்வாய மெல்லுறாக. இவ எம்புட்டுப் பசியில இருந்தா சீமெண்ணச் சோத்தத் திம்பா! இது நடிப்பில்ல மச்சான், இதுதான் சினிமா!"

"பெறகு அவளுக்கு என்னலே ஆச்சு?"

"யாருக்குத் தெரியும்? படத்துல பேரே போடலயே."

இதைச் சொல்லும்போது அவன் கண் பளபளவென்று இருந்தது. புழு வைத்த கறிக்குக் குமட்டாத எனக்கு அன்றைக்குக் குமட்டியது. சோற்றில் மண்ணெண்ணெய் ஊற்றியவன்கூட ஏதோ கணக்குப் பார்த்து ஊற்றியிருப்பான்; அதை நிறுத்தி நிறுத்தி ரசிக்கிறவனை என்ன சொல்வது.

அந்த ஒரு ஷாட்டை வைத்துத்தான் அவன் தன் படத்தையே எழுதினான். வடமதுரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பந்தல் போட்டார்கள். சாப்பிடுகிற பெண்ணாகச் செல்வி, சின்னாளப்பட்டி நெசவுக்காரர் வீட்டுப் பெண், வீதி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவள். பழைய படத்தை அவளுக்கு அவன் காட்டவே இல்லை. பார்த்தால் காப்பியடிப்பாளாம். ஷூட்டிங் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன், எதற்கு என்றால் அவன் சோற்றில் எதையாவது கலந்துவிடுவானோ என்கிற பயம்தான். ஒவ்வொரு பாத்திரமாக முகர்ந்தேன், அள்ளித் தின்றும் பார்த்தேன். சோறு சுத்தம், சாம்பார் சுத்தம். ஆனால் இந்தப் படுபாவி ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அவள் இலையின் அடியில் மட்டும் தடவிவைத்தான்.

"ஏலே, திங்கிற பிள்ள முன்னாடி இந்த நாத்தம் எதுக்குடா?"

"மொகம் தன்னால மாறணும் மச்சான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன?" என்று சிரித்தான்.

செல்வி உட்கார்ந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் இடது கையை இலைக்குக் குறுக்கே அணை மாதிரி வைத்தாள். அள்ளி அள்ளிப் போட்டாள். சேவியர் கேமராவுக்குப் பின்னால் குதித்தான். பசித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் உட்காருவார்கள் என்று நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன், அவள் காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவள் என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. வாயருகே கொண்டுபோனாலே மண்ணெண்ணெய் நாறுகிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள், வற்புறுத்தினால் வாந்தி. இட்லி, பழம், ரொட்டி எல்லாமே அப்படித்தான். திண்டுக்கல்லில் பார்த்தார்கள், மதுரைக்குக் கூட்டிப்போனார்கள், வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்தும் ஒன்றும் இல்லை. குளுக்கோஸ் தண்ணீரிலேயே உயிரை வைத்திருந்தாள். நான் போய்ப் பார்த்தபோது கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும் போல இருந்தது. இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று டாக்டர் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டார். சேவியரிடம் சொன்னேன். "ரோல் உள்ள தங்கிருச்சு மச்சான், பெரிய நடிகைகளுக்கெல்லாம் அப்பிடித்தான்" என்றான், சொல்லிவிட்டு எடிட்டிங்குக்குப் போய்விட்டான்.

படம் முடிந்ததும் அந்த மாதத்து ஜோடி இதுதான் என்று முடிவானது. தாய்ப்படம் அந்தப் பழைய படம், பிள்ளைப்படம் சேவியருடையது. நான் போவதாக இல்லை. ஆனால் செல்வியின் அம்மா என் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். "பிள்ள வரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிது சார். நான் யாரு மாரி தின்னேன்னு பாக்கணும்னு சொல்லுது. நீங்களும் கூட இருங்க சார்." அப்புறம் எப்படிப் போகாமல் இருப்பது.

செல்வியை ரெண்டு பேர் தாங்கி மாடிக்கு ஏற்றினோம், முன் பெஞ்சில் அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதலில் தாய்ப்படம் ஓடியது. பந்தி சீன் வருவதற்குச் சற்று முன்னால் எனக்கு மண்ணெண்ணெய் வாடை அடித்தது. தொழில் புத்தி, உடனே எழுந்து போனேன். படிக்கட்டுக்கு அடியில் பார்த்தேன், கீழே வடைக்கடையில் கேட்டேன், அவர் காஸ் அடுப்புக்கு மாறி வருஷமாகிவிட்டது என்றார். தெருவில் வாடையே இல்லை. மாடிப்படி ஏற ஏறத்தான் வாடை. கதவைத் திறந்தால் முகத்தில் அறைகிறது, ஆனால் இருபது பேரும் பேசாமல் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேட்டியில் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நடிகர் வசனம் பேசி முடித்து நகர்ந்துவிட்டார். அங்கே வெட்டி அடுத்த சீனுக்குப் போக வேண்டும், நானே நாலைந்து தடவை பார்த்த படம். வெட்டவில்லை. பந்தியில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்து போகிறார்கள். கடைசி இலைக்காரி மட்டும் தின்றுகொண்டிருக்கிறாள். ரொம்ப நேரம் தின்கிறாள். சேவியர் பிளேயர் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து, "மச்சான், இம்புட்டு நேரம் இந்த ஷாட்டு கெடையாதே" என்றான், குரல் நடுங்கியது. விசிடி சிக்கிக்கொண்டது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். விசிடி சிக்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும், உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இது தண்ணீர் மாதிரி ஓடியது. அவள் தின்று முடித்து நிமிர்ந்தாள், தண்ணீருக்காகச் சுற்றிலும் பார்த்தாள், பக்கத்தில் யாரும் இல்லை. பிறகு எங்கள் பக்கம் பார்த்தாள்.

அந்த நேரத்தில் செல்வி குனிந்து வாந்தி எடுத்தாள். படம் தன்பாட்டுக்கு அடுத்த சீனுக்குப் போய்விட்டது.

யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன், வாந்தி பார்ப்பதும் என் உத்தியோகம்தானே. வாரக்கணக்கில் குளுக்கோஸ் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகாத பெண். தரையில் கிடந்தது சோறு. புளித்து, நீலம் பூத்து, பருக்கை பருக்கையாக, பெரிய இலை நிறையப் பரிமாறினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு சோறு, மேலே எண்ணெய் வானவில் மாதிரி மினுங்கியது. குனிந்து முகர்ந்தேன், சந்தேகமே இல்லை, மண்ணெண்ணெய். இதை எழுதும்போதுகூட வாயில் எச்சில் ஊறுகிறது, துப்பிவிட்டு வருகிறேன்.

செல்வி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, பசிக்கிதும்மா" என்றாள்.

அந்த அம்மா விழுந்தடித்துக் கீழே ஓடினார். வாழை இலையில் கட்டிய ரெண்டு பொட்டலம் தயிர்ச்சோறு வாங்கிவந்து ரெண்டையும் பெஞ்சில் பிரித்துவைத்தார், எது கைக்கு வருகிறதோ அதைத் தின்னட்டும் என்று. செல்வி தின்ன ஆரம்பித்தாள். நான் இந்தப் பக்கம் மணலைக் கொட்டி, பிளீச்சிங் பவுடரைத் தூவி, தரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் சேவியர் கேமராவைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். சற்று முன்னால் குரல் நடுங்கிய அதே சேவியர்.

"சீ, நீயெல்லாம் மனுசனாடா!" என்று பாய்ந்து போய் லென்ஸை உள்ளங்கையால் பொத்தினேன்.

"கெடுத்துட்டீங்களே மச்சான்! ஒரிஜினல் மச்சான் இது, ஒரிஜினல்!" என்று அழுதான். அவன் அழுதது அதற்குத்தான்.

செல்வி பிழைத்துக்கொண்டாள். இப்போது ரெண்டு பிள்ளைகள், எல்லாம் சாப்பிடுகிறாள், அந்த நாளைப் பற்றிக் கேட்டால் தலைசுற்றல் என்பாள். சேவியர் அந்த டேப்பைத் தன் படத்தின் கடைசியில் ஒட்டிவிட்டான். பல ஊரில் போட்டார்கள். ஒரு கூட்டத்தில் நானும் இருந்தேன், பட்டினி கிடந்த பெண் அழுதுகொண்டே தின்பதைப் பார்த்து ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கைதட்டல் ஓயுமுன்னே வெளியே வந்துவிட்டேன். அவனோடு பேச்சையும் அன்றோடு விட்டேன், அமலிக்கு அதில் இன்னும் வருத்தம்.

ஆனால் அவன் படத்தின் டிஸ்க் ஒன்று, அக்காவுக்கென்று அவன் கொடுத்தது, வீட்டில் இருக்கிறது. ஒருநாள் தனியாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாரும் செல்வியின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், அவ்வளவு பெரிய குளோசப். நான் ஓரத்தைப் பார்த்தேன். அவளுக்குப் பக்கத்தில், பெஞ்சின் கடைசியில், பிரித்துவைத்த இரண்டாவது பொட்டலம். அதற்கு முன்னால் யாரும் இல்லை. சோறு குறைந்துகொண்டே வருகிறது.

செல்வியின் அம்மாவிடம் கேட்டேன். "எனக்கெங்க சார் அன்னைக்கு எறங்கும்? நான் தண்ணிச் செம்பப் புடிச்சிட்டுல்ல நின்னேன்" என்றார். படத்திலும் அப்படித்தான் நிற்கிறார், செம்பு தெரிகிறது.

சாவு விழுந்த துஷ்டி வீட்டுப் பந்தியில் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்திருப்போம், கல்யாணப் பந்தியில் நம் பக்கமாக மடிப்போம், இது ஊருக்கே தெரிந்ததுதான். என் உள்ளங்கை வந்து படத்தை மறைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த இலை காலியாகிவிடுகிறது. ஒரு பருக்கை இல்லை. காற்றுக்கு மடிந்தது என்று நீங்களும் சொல்லலாம், மறுக்க மாட்டேன். ஆனால் அது மேலிருந்து, மெதுவாக, ஆள் உட்கார வேண்டிய பக்கமாக மடிகிறது.