முப்பத்தேழாவது சொற்றொடர்

குளிக்கும்போது நூறு ஆங்கிலச் சொற்றொடர்களை வரிசை எண்ணோடு முணுமுணுக்கும் பழக்கம் இந்த ஐம்பது வயதிலும் என்னை விடவில்லை. அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியாது. இருபத்திரண்டாவது சொற்றொடர் எது என்று கேளுங்கள், சோப்பு நுரையோடு சொல்வேன்.

நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் ஏழாவது படித்தேன். ஆங்கிலேயர் அன்றாடம் பேசுவதாக எங்கள் ஆசிரியர் நம்பிய நூறு சொற்றொடர்களை, ஆண்டு விழாவில் பொருளோடு ஒப்பிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆங்கிலேயர் ஒருவரையும் ஆசிரியர் பார்த்ததில்லை, நானும்தான். விழா புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு, பெற்றோர் பார்க்க வரும் நாள்.

அம்மாவும் அவர் தம்பியான என் மாமாவும் வந்தார்கள். சேலத்து ஆஸ்பத்திரியில் அப்பா இனித் தேறமாட்டார் என்று டாக்டர் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது அவர்கள் இருவருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் விடுதிப் பிள்ளைகளிடம் கெட்ட செய்தி சொல்வதில்லை. முதலில் பரீட்சை முடியவேண்டும். நோய், சாவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மரத்தடியில் கேரியரைப் பிரித்தபடி அம்மா கேட்டார்: "ரெண்டு நாளைக்கு ஊட்டுக்கு வந்துட்டுப் போறயா சாமி? அப்பா உன்னையவே கேட்டுட்டு இருக்கறாரு."

"ஏனக்கா, பையன் மனச எதுக்குக் கலைக்கற?" என்றார் மாமா.

"நான் அவனத்தான கேட்டேன்."

விடுதியில் தமிழ் பேசினால் தண்டனை உண்டு; பெற்றோர் வரும் அன்று ஒருநாள் மட்டும் கிடையாது. அதனால் ஆங்கிலத்தில் பதில் சொன்னதற்குச் சாக்குச் சொல்லவும் எனக்கு வழியில்லை. பட்டியலில் முப்பத்தேழாவது சொற்றொடர் தானாக வாய்வரை வந்து நின்றது. மூன்று வாரம் உருப்போட்டதில் ஒன்று, நிஜமான ஒரு கேள்விக்குப் பொருந்துகிறதே! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அவுட் ஆஃப் த கொஸ்டின்" என்றேன். பட்டியலில் அதற்குப் பொருள், 'அந்தப் பேச்சுக்கே இடமில்லை'.

அம்மா மாமாவைப் பார்த்தார். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே சுற்றியவர் என்பதால் மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது குடும்பத்தின் நம்பிக்கை.

"விழா முடிஞ்சதும் வாரேங்கறான்" என்றார் மாமா.

நான் திருத்தவில்லை. அம்மா என் சட்டைக் காலரைச் சரிசெய்தார். என் ஆங்கிலத்தில் மலைத்துப்போய்விட்டார் என்று நினைத்து, இன்னொரு கோழித்துண்டை எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை நூறையும் தடங்கலின்றிச் சொன்னேன். கடைசி வரிசையில் மாமா உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம், கசங்கிய வேட்டி. எல்லோரும் ஓய்ந்த பிறகும் அவர் கைதட்டிக்கொண்டிருந்தார். அன்று விடியற்காலையில் அப்பா போய்விட்டிருந்தார். என்னை அழைத்துப்போக வந்த மாமா, பையன் சொல்லி முடிக்கட்டும் என்று இரண்டு மணி நேரம் அங்கேயே காத்திருந்திருக்கிறார். எங்கள் ஊர் எருமப்பட்டி வரும்வரை காரில் அவர் என்னிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் சாமியானாவும் வாடகை நாற்காலிகளும் தெரிந்தபோது, எனக்குத்தான் ஏதோ பாராட்டு ஏற்பாடு என்று ஒரு கணம் நினைத்தேன். பரிசுக் கோப்பையை எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

அந்த முப்பத்தேழாவது சொற்றொடரைப் பற்றி யாரிடமும் நான் சொன்னதில்லை. போன மாதம்தான் அம்மாவிடம், அன்று மாமா சொன்ன அர்த்தம் தப்பு, நான் வரவே முடியாது என்றுதான் சொன்னேன் என்று திக்கித் திணறி ஒப்புக்கொண்டேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"அது எனக்கு அப்பவே தெரிஞ்சுது சாமி. வரமாட்டேன்னு உம் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருந்துச்சு. இதுக்குப் போயி எதுக்கு இங்கிலீசு?"