அடையாளம் காட்டியவள்

ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கில் ஓவியக் கண்காட்சி போட்டிருந்தார்கள். பெருக்கித் துடைக்கப் பூவம்மாவும் ரமாபாயும் வந்திருந்தார்கள். இருவரின் புருஷன்மாரும் காசிமேட்டு விசைப்படகு ஒன்றில் ஒன்றாகக் கடலுக்குப் போய், ஒரே அலையில் தூக்கி எறியப்பட்டவர்கள். மூன்று வருஷமாகிறது.

ஒன்பதாம் நாள் எண்ணூரில் ஒரே ஒரு உடம்புதான் ஒதுங்கியது. ஆஸ்பத்திரியில் பூவம்மாவை முதலில் கூப்பிட்டார்கள். முகம் என்று எதுவும் மிச்சமில்லை. ஊதிப்போன பழுப்பு, இடுப்பில் ஒட்டிக்கிடந்த நீலம், அவ்வளவுதான். படகில் பாதிப் பேருக்கு நீல லுங்கிதான். "உடம்பு கிடைக்கலைன்னா, செத்துட்டாருன்னு எழுதிக் குடுக்க ஏழு வருஷம் காத்திருக்கணும்மா" என்றார் போலீஸ்காரர். ஏழு வருஷம் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார யாரால் முடியும்? "எங்க வூட்டுக்காருதான்" என்று சொல்லிவிட்டாள். பெண்டாட்டியே சொன்ன பிறகு எவன் மறுபேச்சுப் பேசுவான்? கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். வெளியே உட்கார்ந்திருந்த ரமாபாயை உள்ளே கூப்பிடவேயில்லை.

அன்றிலிருந்து பூவம்மா நிம்மதியாகத் தூங்கியதில்லை. ரமாபாயோ, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இன்றைக்கும் பாய்ந்து எடுக்கிறாள். அவள் புருஷன் எங்கேயோ கரையேறி உயிரோடு இருப்பாராம்.

துடைத்துக்கொண்டே வந்தவர்கள் ஒரு பெரிய படத்தின் முன்னால் நின்றார்கள். அதில் ஆள் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. பழுப்பாக ஒரு வீக்கம், குறுக்கே கிழிசலாக நீலம். வரைந்த செங்குட்டுவன் நல்ல மனிதர். பெருக்க வந்தவர்கள்தானே என்று ஒதுக்காமல், "என்ன தெரியுது, சொல்லுங்கம்மா" என்றார். "உங்களுக்கு என்ன தோணுதோ அதுதான் சரி. தப்புன்னே ஒண்ணு கிடையாது."

தப்பே கிடையாதாம்! பூவம்மா படத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"மழை வர்ற மாதிரி கீது சார்" என்று ரமாபாய் சிரித்தாள். "உனுக்கு இன்னாக்கா தெரியுது?"

கடல் என்றோ மேகம் என்றோ எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். பூவம்மாவுக்கு இன்னொரு பொய் வரவில்லை.

"எனுக்குத் தெரியலடி. அன்னிக்கும் தெரியல. அது என் வூட்டுக்காரா, உன் வூட்டுக்காரான்னு சத்தியமா தெரியல. நானாத்தான் சொல்லிட்டேன்."

செங்குட்டுவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ரமாபாய்க்குப் புரிந்தது. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"சாவு வூட்டுல உன்னக் கட்டிகினு நானுந்தானேக்கா அழுதேன்" என்றாள். "யாருக்குக்கா அழுதேன்?"